கல்லூரிக் கூடைப்பந்து தூயதென்று கூறுவோருக்கு

மார்ச் மாதம் பிறந்ததும் ரொறன்ரோவிலிருந்து எனக்கொரு கடிதம் வந்து சேரும். எழுதுபவர் என் பழைய நண்பர். ஒரே பத்திரிகைக் காரியாலயத்தில் அருகருகே இருந்து எழுதியவர்கள் நாங்கள். அவர் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்தார், நான் செய்திப் பக்கத்தைக் கவனித்தேன். அவர் புலம்பெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்னர் வான்கடிதமாக வந்தது இப்போது மின்னஞ்சலாக வருகிறது என்பதைத் தவிர அக்கடிதத்தில் மாற்றம் ஏதுமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஆரம்பித்துவிட்டது, இதுவே உண்மையான கூடைப்பந்தாட்டம், என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறை ஆட்டம் கோடீசுவரர்களின் கழைக்கூத்து என்பதே அதன் சாரம். தனிப்பட்ட முறையில் நான் எழுதிய மறுமொழிகள் அவரை அசைக்கவில்லை. அவரைப் போல் எண்ணுவோர் உலகெங்கும் பலர் உளர் என்பதால் இம்முறை பகிரங்கமாகவே எழுதுகிறேன். அவர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் அடுத்த மார்ச்சில் எழுதாமல் இருக்கமாட்டார்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எம்மவருக்குக் கல்லூரி என்றால் பெரும்பாலும் பாடசாலை. அமெரிக்கர் அச்சொல்லால் குறிப்பது பல்கலைக்கழகத்தை. பதினெட்டு முதல் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது வரையுள்ளோர் ஆடும் ஆட்டம் அது. அந்தப் பொருளிலேயே இங்கு அச்சொல்லைக் கையாள்கிறேன்.

நண்பரின் வாதத்தை அவருக்கு அநீதி இழைக்காமல் சொல்லவேண்டும். கல்லூரி அணியில் ஐவரும் ஐவராக ஆடுகின்றனர், பந்து கைமாறிக் கைமாறிச் செல்கிறது, தடுப்பாட்டத்தில் உயிரைக் கொடுக்கின்றனர், அடிப்படைகள் பிசகுவதில்லை, காசுக்காக ஆடுவதில்லை. தொழில்முறையிலோ ஒருவன் பந்தை வைத்துத் தட்டிக்கொண்டு நிற்க, நால்வர் வேடிக்கை பார்க்கின்றனர், தடுப்பவர் எவருமில்லை, எங்கிருந்தும் மூன்று புள்ளிக்கு எறிகின்றனர். ஆகவே திறமை அங்கு இருக்கலாம், ஆட்டம் இங்குதான் இருக்கிறது. அவரது கடிதங்கள் அனைத்தையும் பிழிந்தால் கிடைப்பது இதுவே.

இதில் ஒரு பாதியை நான் மறுக்கவில்லை. மார்ச் மாதச் சுற்றுப்போட்டியின் உணர்ச்சிக்கு நிகரான ஒன்று தொழில்முறை ஆட்டத்தின் நீண்ட பருவத்தில் இல்லை. அதிகாலையில் விழித்திருந்து கொழும்பில் அதனைப் பார்த்தவன் நான். ஆயினும் நேசிப்பது வேறு, மதிப்பிடுவது வேறு. யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெருஞ்சமரை மரத்தில் ஏறியிருந்து பார்த்தவர் நண்பர். அந்தக் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டத்திலும் உயர்ந்தது என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் விடயத்தில் மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

திறமையின் இடைவெளி எத்தகையது என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. கல்லூரிகளின் முதற்பிரிவில் 350க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அணிக்குப் பதின்மூவர் என்று கொண்டாலும் நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். என்.பி.ஏ.யில் உள்ளவை 30 அணிகள். அணிக்குப் பதினைந்து நிரந்தர இடங்கள் என்றால் 450. ஆண்டுதோறும் நடக்கும் தெரிவில் அழைக்கப்படுவோர் ஏறத்தாழ அறுபது பேர். அவர்களிலும் ஒரு பகுதியினர் ஐரோப்பாவிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வருவோர். கல்லூரி ஆட்டத்தில் ஒரே வேளையில் களத்தில் நிற்கும் பத்துப் பேரில் பெரும்பாலும் ஒருவர்கூட என்.பி.ஏ.யில் ஒரு நிமிடமேனும் ஆடப்போவதில்லை. அவர்களுள் ஒருவர் அங்கு செல்லக்கூடியவராக இருந்துவிட்டால், அன்றைய ஆட்டம் அவரைச் சுற்றியே நடக்கும்.

அவ்வாறு உச்சியில் நின்றவர்களுக்கு அடுத்த படியில் என்ன நேர்ந்தது? 2021ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரராகத் தெரிவானவர் அயோவாவின் லூக்கா கார்சா. அவ்வாண்டுத் தெரிவில் அவருக்குக் கிடைத்தது 52ஆவது இடம். 2022இல் அதே விருதைப் பெற்றவர் கென்டக்கியின் ஒஸ்கார் சிப்வே. 2023 தெரிவில் அவரை எந்த அணியும் அழைக்கவில்லை. நாட்டிலேயே முதல்வர் என்று முடிசூட்டப்பட்டவரின் நிலை இது. கல்லூரியில் அவர்களது பருமனுக்கும் பலத்துக்கும் ஈடுகொடுக்க ஆளில்லை. மேலே சென்றால் அதே பருமனுடையவர் இருபத்தைந்து அடி தூரம் வெளியே ஓடிவந்து, விரைவாக ஆடும் சிறிய வீரரைப் பக்கவாட்டில் நகர்ந்து மறித்து, மீண்டும் கூடைக்கடிக்கு ஓடவேண்டும். அது முடியாதெனில் கூடைக்கடியில் நிற்பதற்கும் அங்கு இடமில்லை.

ஜே.ஜே. ரெடிக்கின் கதை இன்னும் தெளிவானது. டியூக் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அதிக புள்ளிகள் பெற்றவர்; இறுதியாண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளிகளுக்கு மேல். 2006இல் ஓர்லாண்டோ அவரை 11ஆவதாக எடுத்தது. எடுத்துவிட்டு முதல் ஆண்டுகளில் பெரும்பாலும் இருக்கையிலேயே இருத்தியது. அவர் செய்தது என்ன? தம்மை நாயகனாகக் கருதுவதை விட்டு, பந்தில்லாமல் ஓடுவதையும், ஒரு கணத்தில் எறிவதையும், தடுப்பாட்டத்தில் தாம் நிற்கவேண்டிய இடத்தையும் புதிதாகப் பயின்றார். பதினைந்து பருவங்கள் நிலைத்தார். 2024இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் பயிற்றுநரானார். கல்லூரியில் அடிப்படைகள் பூரணமாகக் கற்பிக்கப்படுகின்றன என்போர், நான்கு ஆண்டுகள் மிகப் புகழ்பெற்ற பயிற்றுநரிடம் பயின்ற ஒருவர் ஏன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டி வந்தது என்பதை விளக்கவேண்டும்.

பெண்கள் ஆட்டத்திலும் இதுவே நிலை. கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளிகளுடன், முதற்பிரிவில் ஆண் பெண் இருபாலாரிலும் எவரும் பெறாத தொகையைப் பெற்று 2024இல் அயோவாவை விட்டு வெளியேறினார். அவ்வாண்டுக் கல்லூரிப் பெண்கள் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோர் தொகை ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தோர் தொகையை விஞ்சியது. அப்படிப்பட்டவர் மே மாதத்தில் தொழில்முறையில் ஆடிய முதல் ஆட்டத்தில் 20 புள்ளிகள் பெற்றார். பத்துத் தடவை பந்தைப் பறிகொடுத்தார். அதே பருவம் முடிவதற்குள் அவர் தம்மைத் திருத்திக்கொண்டு, ஒரு பருவத்தில் சக வீராங்கனைகளுக்குப் புள்ளிக்கு வழிசெய்து கொடுத்ததில் புதிய சாதனையையும் நிறுவினார் என்பது அவரது மேதைமை. ஆனால் அந்தப் பத்துத் தடவைகளே இரு ஆட்டங்களுக்குமிடையே உள்ள தூரம்.

திறமை ஒருபுறம் இருக்க, பாணியைப் பார்ப்போம். நண்பர் ஒழுக்கத்தின் விளைவென்று போற்றுபவற்றுட் பல, விதிகளின் விளைவுகளே. கல்லூரி ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள், என்.பி.ஏ. பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பந்தைப் பெற்ற அணி எறிவதற்குக் கல்லூரியில் 30 விநாடிகள், தொழில்முறையில் 24 விநாடிகள். ஆறு விநாடிதானே என்று எண்ணுதல் தவறு. முன்களத்துக்குப் பந்தைக் கொண்டுவரும் நேரத்தைக் கழித்தால் எஞ்சுவதில் அது பெரும்பங்கு.

இந்த 24 எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 1950 நவம்பர் 22இல் மினியாபொலிஸ் லேக்கர்சை போர்ட் வேன் பிஸ்ரன்ஸ் 19க்கு 18 என்ற கணக்கில் வென்றது. எதிரணியிடம் உயரமான ஜோர்ஜ் மைக்கன் இருந்ததால் பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றனர். அரங்கில் இருந்தோர் சினந்தனர். சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டனி பயாசோன் ஒரு கணக்குப் போட்டார்: நல்லதோர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 தடவை எறிகின்றன, ஆட்டம் 2,880 விநாடிகள், வகுத்தால் 24. 1954இல் அது விதியானது. தொழில்முறை ஆட்டம் பிழைத்தது.

கல்லூரிகளோ அதற்குப் பின்னரும் முப்பது ஆண்டுகள் கடிகாரமின்றியே ஆடின. நோர்த் கரோலினாவின் டீன் சிமித், நான்கு மூலைகளில் நால்வரை நிறுத்திப் பந்தைப் பதுக்கி வைக்கும் முறையைக் கலையாகவே வளர்த்தார். 1979 பெப்ரவரியில் டியூக் அணியுடன் நடந்த ஆட்டத்தில் அவரது அணி இடைவேளை வரை ஒரு புள்ளியும் பெறவில்லை. டியூக் 7, நோர்த் கரோலினா 0. 1982இல் வேர்ஜினியாவுடனான மாநாட்டு இறுதியாட்டம் 47க்கு 45 என்று முடிந்தது. அந்த நோர்த் கரோலினா அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞனின் பெயர் மைக்கேல் ஜோர்டன். உலகம் காணவிருந்த தலைசிறந்த ஆட்டக்காரனைக் களத்தில் வைத்துக்கொண்டு பந்தைப் பதுக்கி நின்ற ஆட்டத்தையா அழகென்று கொள்வது? 1985இல்தான் 45 விநாடிகள் என்று விதித்தனர். பின்னர் 35, 2015இல் 30. அதாவது தூய ஆட்டம் நாற்பது ஆண்டுகளாகத் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்தே தன்னைத் திருத்தி வந்திருக்கிறது.

களத்தின் அளவுகளும் அவ்வாறே. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.யில் 23 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019 முதல் 22 அடியும் சற்று அதிகமும். கூடைக்கு முன்னாலுள்ள வர்ணமிட்ட பகுதி கல்லூரியில் 12 அடி அகலம், அங்கு 16 அடி. எல்லாவற்றிலும் முக்கியமானது, தொழில்முறையில் தடுப்பவர் எவரையும் காவல் செய்யாமல் அப்பகுதிக்குள் மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்கலாகாது. கல்லூரியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். உயரமான ஒருவரைக் கூடைக்கடியில் கம்பம்போல் நாட்டிவிட்டு, மற்ற நால்வரை வலயமாகப் பரப்பிவிட்டால் எதிரணி உள்ளே வர முடியாது. உள்ளே வர முடியாததால் வெளியே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கின்றனர். ஒருவர் ஒருவரைத் தாண்டிச் செல்லும் ஆற்றல் இல்லாததும் அதற்கொரு காரணம். நண்பர் அதனைக் கூட்டுறவு என்கிறார். பல வேளைகளில் அது வழியறியாத் திகைப்பு. இருபத்தெட்டு விநாடிகள் பந்து கைமாறிய பின் எவரோ ஒருவர் அவசரமாக எறிய, அது வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. புள்ளிகள் குறைவாக வருவதால் தடுப்பாட்டம் சிறந்தது என்று முடிவு செய்வது, சந்தையில் மீன் இல்லாததால் வலைஞர் எல்லாரும் நல்லவர் என்று முடிவு செய்வது போன்றது.

தொழில்முறையில் நால்வர் வேடிக்கை பார்க்கின்றனர் என்ற குற்றச்சாட்டைச் சற்று நிதானமாக ஆராய்வோம். பந்து வைத்திருப்பவருக்குச் சக வீரர் ஒருவர் வந்து, அவரைக் காவல் செய்பவரின் பாதையில் மதில்போல் நிற்கிறார். பின் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். பிக் அண்ட் ரோல் எனப்படும் மிகப் பழைய உத்தி இது. தடுக்கும் இருவர் அரை விநாடியில் முடிவெடுக்கவேண்டும்: ஆளை மாற்றிக்கொள்வதா, இருவரும் பந்தின்மேல் பாய்வதா, ஒருவர் பின்வாங்குவதா? இருவரும் பாய்ந்தால் மூன்றாமவர் மூலையிலிருந்து உள்ளே வந்து ஓடுபவரை மறிக்கவேண்டும். அவர் வந்தால் மூலை வெறுமையாகிறது. நான்காமவர் இரு ஆட்களுக்கு இடையே நின்று இருவரையும் காக்கவேண்டும். பந்து வைத்திருப்பவர் இவை அனைத்தையும் ஓடிக்கொண்டே கண்டு, மூலையில் “வேடிக்கை பார்த்து” நிற்பவருக்குப் பந்தை அனுப்புகிறார். அவர் அங்கு நிற்பது சும்மாவன்று. இருபது அடிக்கப்பாலிருந்து எறியக்கூடியவர் என்ற அச்சமே ஒரு தடுப்பாளரைக் கூடையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. நின்றும் வேலை செய்கிறார். இத்தனையும் மூன்று நான்கு விநாடிகளில் நிகழ்ந்து முடிகின்றன. பழக்கமற்ற கண்ணுக்கு ஒருவன் எறிந்தான் என்பது மட்டுமே தெரியும். மிருதங்கத்தின் கணக்கறியாதவன் தனியாவர்த்தனத்தில் சத்தத்தை மட்டும் கேட்பதில்லையா? அதுபோன்றது.

தொழில்முறை ஆட்டத்தில் எனக்கும் குறை உண்டு. 1979இல் மூன்று புள்ளிக் கோடு வந்த பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று எறிகைகூட அங்கிருந்து எறியவில்லை; 2024-25 பருவத்தில் அது 37க்கு மேல். கணக்கர்கள் வென்றுவிட்டனர். முன்னாளில் கூடைக்கு முதுகு காட்டி நின்று ஆடிய நுட்பங்கள் அருகிவிட்டன. எண்பத்திரண்டு ஆட்டங்கள் அதிகம். சனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் சிலவற்றில் உயிரில்லை என்பதும் மெய். ஆனால் சித்திரையில் தொடங்கும் ஏழாட்டத் தொடர்களைப் பார்த்துவிட்டு அங்கு தடுப்பாட்டம் இல்லை என்று ஒருவர் எழுதினால், அவர் பார்க்காமல் எழுதுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

மார்ச் மாதத்து அதிசயங்களுக்கும் இத்தொடர்களுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான். 2018இல் முதல்நிலை அணியான வேர்ஜினியாவை, பதினாறாம் நிலையில் இருந்த மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பல்ரிமோர் கவுண்டி வளாக அணி 74க்கு 54 என்று வீழ்த்தியது. ஆண்கள் சுற்றுப்போட்டியில் அதற்கு முன் 135 தடவை நடந்த அத்தகைய சந்திப்புகளில் ஒருமுறையும் நிகழாதது அது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆயினும் நாற்பது நிமிடத்தில், ஒரேயொரு ஆட்டத்தில், தூர எறிகைகள் ஒருபக்கத்துக்கு வாய்க்க நேர்ந்ததே அந்த வெற்றி. அதே வேர்ஜினியா அடுத்த ஆண்டு வாகை சூடியது. ஏழாட்டத் தொடரில் அத்தகைய அதிசயம் ஏறத்தாழ இயலாது. அங்கு வெல்வது சிறந்த அணியே. அதிசயத்தை விரும்புவோர் அதிசயத்தை விரும்புவதாகச் சொல்லட்டும். அதனை ஆட்டத்தின் உயர்வுக்குச் சான்றாக்க வேண்டாம்.

இதற்கு நண்பர் இரண்டு சான்றுகள் காட்டுவார். முதலாவது 1992. பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் புறப்படுமுன் ஜோர்டன், மஜிக் ஜோன்சன், லாரி பேர்ட் அடங்கிய கனவணி கலிபோர்னியாவில் கல்லூரி இளைஞர்களுடன் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிற்று. இளைஞர்கள் 62க்கு 54 என்று வென்றனர். உண்மைதான். மறுநாள் நடந்த ஆட்டத்தில் அந்த இளைஞர்கள் நொறுக்கப்பட்டனர் என்பதையும், முதல்நாள் ஜோர்டன் பெரும்பகுதி நேரம் வெளியே இருத்தப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். தலைமைப் பயிற்றுநர் பாடம் புகட்டுவதற்காக வேண்டுமென்றே அவ்வாறு செய்தார் என்று உதவிப் பயிற்றுநராக இருந்த கிரிஸ்செவ்ஸ்கி பின்னாளில் கூறினார். அவரே டியூக்கின் பயிற்றுநர். கல்லூரி ஆட்டத்தின் எதிரியல்லர். அக்கனவணியில் கல்லூரியிலிருந்து சேர்க்கப்பட்டவர் ஒரேயொருவர்: கிறிஸ்டியன் லேட்னர். டியூக்குக்கு இருமுறை வாகை சூட்டியவர். கென்டக்கிக்கு எதிராக இறுதிக் கணத்தில் எறிந்த எறிகையால் இன்றும் பேசப்படுபவர். தொழில்முறையில் பதின்மூன்று பருவங்கள் ஆடிய மதிப்புக்குரிய வீரராக இருந்தார். அனைத்து நட்சத்திர ஆட்டத்துக்கு ஒருமுறை அழைக்கப்பட்டார். அவ்வளவே.

கனவணி ஏன் உருவாயிற்று என்பதையும் நினைவூட்டவேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், சியோலில், கல்லூரி ஆட்டத்தின் வார்ப்புகளான வீரர்களுடன் சென்ற அமெரிக்கா அரையிறுதியில் சோவியத் அணியிடம் 82க்கு 76 என்று தோற்று வெண்கலத்துடன் திரும்பியது. சோவியத் வீரர்கள் பெயரளவில் அமெச்சூர்கள், வயதிலும் அனுபவத்திலும் தொழில்முறையாளர்.

இரண்டாவது சான்று 2004. ஏதென்சில் என்.பி.ஏ. நட்சத்திரங்கள் போட்டோ ரிக்கோவிடம் 92க்கு 73 என்று தோற்றனர். அரையிறுதியில் ஆர்ஜென்ரீனா அவர்களை வென்று, தங்கத்தையும் வென்றது. “பார்த்தீரா, கூட்டு ஆட்டம் வென்றது” என்று நண்பர் எழுதினார். வென்றது உண்மை. ஆனால் அந்த ஆர்ஜென்ரீனாவில் ஆடியோர் எந்தக் கல்லூரி மாணவர்? மனு ஜினோபிலி சன் அன்ரோனியோவின் வீரர். மற்றையோரில் பெரும்பாலோர் ஐரோப்பியத் தொழில்முறைக் கழகங்களில் ஊதியம் பெற்று வளர்ந்தோர். கூட்டு ஆட்டத்தைக் கற்பித்தது தொழில்முறையே. பணம் ஐவரைப் பிரிக்கும் என்ற கோட்பாட்டை உடைப்பதற்கு அதனிலும் சிறந்த சான்றை நான் தேடினாலும் கிடைக்காது. பத்து ஆண்டுகள் கழித்து 2014இல் அதே சன் அன்ரோனியோ மயாமியை நான்குக்கு ஒன்று என்று வென்ற தொடரில் பந்து கைமாறிய அழகை எந்தக் கல்லூரி அணியிடமும் நான் கண்டதில்லை. அவ்வணியின் ஜினோபிலி, டோனி பார்க்கர், போரிஸ் டியாவ், ரியாகோ ஸ்பிளிற்றர் ஆகியோர் அமெரிக்கக் கல்லூரியில் ஒருநாளும் ஆடாதவர். டிம் டங்கன் நான்கு ஆண்டுகள் கல்லூரியில் முதிர்ந்தவர், அதை ஒப்புக்கொள்கிறேன். 2019 முதல் 2025 வரை வழங்கப்பட்ட ஏழு அதிமதிப்பு வீரர் விருதுகளில் ஐந்தினைப் பெற்ற இருவரும், கிரேக்கத்தின் யானிஸும் சேர்பியாவின் யோகிச்சும், கல்லூரிப் பக்கமே போகாதவர்கள். இருவருமே சக வீரருக்குப் பந்து கொடுப்பதில் வல்லவர்கள்; யோகிச் அதில் ஒரு கவி.

இதுவரை நான் கூறியது ஆட்டத்தைப் பற்றியது. இதனோடு நின்றிருந்தால் இது இரு கிழவர்களின் சச்சரவு, எழுதியிருக்கமாட்டேன். என் கோபம் அந்தத் “தூய்மை” என்ற சொல்லின் மீது.

அச்சொல் எப்போது உண்மையாக இருந்தது? 1950இல் நியூயோர்க் நகரக் கல்லூரி ஒரே ஆண்டில் இரண்டு தேசியச் சுற்றுப்போட்டிகளையும் வென்றது. மறு ஆண்டே அவ்வணியின் வீரர்கள் சூதாடிகளிடம் காசு பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடிய குற்றத்துக்காகக் கைதாயினர். வேறு பல கல்லூரிகளும் அதில் சிக்கின. காசு அன்றே அரங்கெங்கும் இருந்தது, ஆடுபவன் கையைத் தவிர. அதே 1950களில், களத்தில் காயமுற்ற மாணவரை ஊழியராகக் கொண்டு நட்டஈடு வழங்க நேரிடுமோ என்று அஞ்சிய என்.சி.ஏ.ஏ. அமைப்பு “மாணவ வீரர்” என்ற சொற்றொடரை உருவாக்கியது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவ்வமைப்பை 35 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வோல்ரர் பையர்ஸ் தாமே 1995இல் நூலெழுதி ஒப்புக்கொண்டார். வீரர்கள் சுரண்டப்படுகின்றனர் என்றும் எழுதினார். தூய்மை என்பது வழக்கறிஞர் வரைந்த வாசகம்.

சுற்றுப்போட்டியின் தொலைக்காட்சி உரிமை 2010இல் பதினான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1,080 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. பல மாநிலங்களில் அரச சம்பளம் பெறுவோரில் ஆகக்கூடிய ஊதியம் ஆளுநருக்கன்று, உதைபந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநருக்கு. வீரருக்கு? பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதன்மேல் பூசுவதற்கு எதுவும் கொடுத்தால் அது உணவாகிவிடும், விதிமீறல் என்று வரையறுத்த சட்டப்புத்தகம் அவர்களுடையது. 2014இல் கனெக்ரிகட் அணியை வாகை சூடவைத்த சபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கச் செல்வதாகச் செய்தியாளரிடம் கூறினார். அதைக் கேட்டு நாடு வெட்கிய பின்னர், வாகை சூடிச் சில நாட்களுக்குள், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினர். இறுதியாட்டத்தை மில்லியன் கணக்கானோர் பார்த்த வேளையில் களத்தில் நின்ற நாயகன் அவன். அவனது பசியைத்தான் நண்பர் “காசுக்காக ஆடாத அழகு” என்று கடிதம் எழுதி வாழ்த்தினார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. இந்த முதற்பிரிவு அணிகளில் ஆடுவோர் பெரும்பாலும் கறுப்பின இளைஞர். “ஒழுக்கம்”, “அடிப்படை”, “அடக்கம்” என்று கல்லூரி ஆட்டத்துக்கும், “தெருவாட்டம்”, “தன்னலம்” என்று தொழில்முறைக்கும் சூட்டப்படும் சொற்களின் பின்னால் என்ன இருக்கிறது என்று அமெரிக்காவிலேயே பலர் கேட்டிருக்கின்றனர். யூ.சி.எல்.ஏ.யில் லூ அல்சிண்டர், அதாவது பின்னாளைய கரீம் அப்துல் ஜபார், எவராலும் மறிக்க முடியாதவராய் எழுந்தபோது, 1967இல் கூடைக்குள் பந்தை மேலிருந்து அறையும் டங்க் முறையையே கல்லூரிகளில் தடைசெய்தனர். ஒன்பது பருவங்கள் அந்தத் தடை நீடித்தது. ஒரே மனிதனுக்காக எழுதப்பட்ட விதி என்று அன்றே பேசிக்கொண்டனர். பயிற்றுநரின் கட்டளைக்கு அடங்கியிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனை விரும்பும் கண், தன் சம்பளத்தைத் தானே பேசித் தீர்மானிக்கும் முப்பது வயது மனிதனை வெறுப்பதற்கு ஆட்டத்தின் அழகு மட்டுமா காரணம்?

என்.பி.ஏ.யும் இதில் கைசுத்தமானதன்று. 2005இல் வீரர் சங்கத்துடன் உடன்பாடு செய்து, பத்தொன்பது வயது ஆகாதவரைத் தெரிவில் சேர்ப்பதில்லை என்று விதித்தது. கெவின் கார்னெற், கோபி பிரயன்ற், லெப்ரோன் ஜேம்ஸ் ஆகியோர் பாடசாலையிலிருந்து நேராக வந்து சாதித்த பின்னரே அந்தக் கதவு மூடப்பட்டது. விளைவு, ஓராண்டு இலவசமாக ஆடிப் பிரபலமாகிவிட்டு வா என்பதே. நாற்றுமேடைச் செலவு கல்லூரிக்கு, அறுவடை கழகத்துக்கு, இடையில் அந்த ஓராண்டு உழைப்பு எவர் கணக்கிலும் இல்லை.

நீதிமன்றம்தான் இறுதியில் திரையை விலக்கியது. யூ.சி.எல்.ஏ.யின் 1995 வாகை அணியில் ஆடிய எட் ஒபானன் தம் உருவம் அனுமதியின்றிக் கணினி விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்டு வழக்குத் தொடுத்து 2014இல் வென்றார். 2021 யூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து, கல்வி சார்ந்த கொடுப்பனவுகளைக் கட்டுப்படுத்திய என்.சி.ஏ.ஏ. விதிகளைச் செல்லாதவையாக்கினர். ஆடித் திங்கள் முதலாம் நாள் முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருமானம் ஈட்டலாயினர். 2025 யூன் 6இல், முன்னாள் வீரருக்கு 280 கோடி டொலர் வரை நட்டஈடு வழங்கவும், பல்கலைக்கழகங்கள் வீரருடன் வருவாயை நேரடியாகப் பகிரவும் வழிசெய்த இணக்கத்துக்கு நீதிமன்ற அங்கீகாரம் கிடைத்தது.

அன்றிலிருந்து நண்பரின் கடிதங்களில் புதிய புலம்பல் சேர்ந்திருக்கிறது. வீரர்கள் ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகின்றனராம், விசுவாசம் போய்விட்டதாம், காசு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாம். பயிற்றுநர் ஒருவர் ஒப்பந்தம் முடியுமுன்பே அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் பல மில்லியனுக்குத் தாவியபோது விசுவாசம் என்ற சொல் அவர் பேனாவில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆட்டம் கெட்டதா என்று பார்த்தால், ஊதியம் கிடைப்பதால் முன்பு தெரிவுக்கு ஓடியிருக்கக்கூடிய சிலர் மூன்றாம் நான்காம் ஆண்டுகளுக்கும் தங்கிவிடுகின்றனர். அணிகளில் முதிர்ந்த ஆட்டக்காரர் கூடியிருக்கின்றனர். 2025இல் முதல்நிலை அணிகள் நான்குமே இறுதி நால்வராக வந்தன. புளோரிடா ஹியூஸ்ரனை 65க்கு 63 என்று வென்ற இறுதியாட்டத்தை நான் காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவதற்குச் சில விநாடிகள் இருக்கையில் ஹியூஸ்ரன் எறிய முடியாதபடி பாய்ந்து மறித்த வோல்ரர் கிளேய்ரன் நான்காம் ஆண்டு மாணவர். ஊதியம் பெற்றவர்களின் தடுப்பாட்டம் அது. ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் நண்பரிடமிருந்து ஒற்றை வரி மின்னஞ்சல் வந்தது: “பார்த்தாயா தடுப்பாட்டத்தை?”